ஒட்டு நகமும் தவில் கூடும்



கும்பகோணம் பக்கம் அழகு நிலையம் வைத்திருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: “டீச்சர், ஒட்டு நகம் வைக்கக் கத்துக்கிட்டேன். கல்யாணப் பொண்ணுங்க எல்லாரும் ‘ஒட்டினது தெரியக் கூடாது’ன்னுதான் சொல்றாங்க. இந்தப் பழக்கம் எப்ப வந்துச்சு?”

திங்கட்கிழமை பிரேயரில் உங்கள் கையை நீட்டச் சொல்லி நகம் பார்த்த டீச்சரிடமே நகத்தின் வரலாற்றைக் கேட்கிறாள்! எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சீனாவுக்குப் போவோம். அங்கே அரச குடும்பத்துப் பெண்களும் பெரிய வீட்டுப் பெண்களும் நகத்தை நீளமாக வளர்த்தார்கள். அது உடையாமல் இருக்க வெள்ளியிலும் தங்கத்திலும் உறை செய்து மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மாட்டிக்கொண்டார்கள். பேரரசி சிக்ஸியை 1903, 1904ஆம் ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்களில் அந்த உறைகளைத் தெளிவாகப் பார்க்கலாம். அவை இயற்கை நகம் போலத் தெரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ‘இந்தக் கை எந்த வேலையும் செய்யாது’ என்று ஊருக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை.

இப்போது நம் ஊர். நாற்றுப் பறித்து, முடி கட்டி, நாள் முழுவதும் சேற்றில் நடவு நட்ட பெண்களின் நகம் எப்படி இருந்திருக்கும்? வளர்வதற்கு முன்பே தேய்ந்துவிடும். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், கை விரலில் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தைகளையும் சித்திகளையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைகளுக்கும் ஓர் அலங்காரம் இருந்தது, மருதாணி. ஆடி மாதத்தில் இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, ராத்திரி ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி வைப்பார்கள்.

இதில் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு சேர்ந்துவிடும். அதனால் சோப்பு போட்டாலும் போகாது, நகம் வளர்ந்துதான் போக வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். ஆடியில் வைத்த சிவப்பு தையில் நுனிக்கு வந்து வெட்டுப்படும். நம் சம்பாப் பயிருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்!

ஆனால் மருதாணி நிறம் மட்டுமே தரும், நகத்தை நீட்டாது. அப்படியானால் நம் தஞ்சை மண்ணில் செயற்கை நகமே கிடையாதா? இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், நகம் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். தவில்காரர் விரலில் இருக்கும் கூடு!

தவிலின் இடது பக்கத்தைப் பூவரசங்கழியால் அடிப்பார்கள். வலது பக்கத்தைக் கையாலும் விரலாலும் வாசிப்பார்கள். இறுக்கிக் கட்டிய அந்தத் தோலில் வெறும் விரலால் மணிக்கணக்கில் வாசித்தால் விரல் என்ன ஆகும்? அதற்காகத்தான் துணியில் மாவுப் பசை தடவி, விரல் அளவுக்குச் சுற்றி, காயவைத்துக் கெட்டியாக்கிய கூடுகளை மாட்டிக்கொள்வார்கள். இயற்கை நகத்தால் முடியாததை அந்தக் கூடு செய்கிறது. விரலையும் காப்பாற்றுகிறது, நாதஸ்வரத்தின் முழக்கத்துக்கு ஈடாகச் சொல்லையும் கணீரென்று எழுப்புகிறது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை என்று நம் டெல்டா ஊர்களின் பெயரை உலகம் அறியச் செய்தவை கூடு போட்ட விரல்கள்தான்.

வீணையும் அப்படியே. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் தஞ்சாவூர் வீணையைச் சிலர் நகம் வளர்த்து மீட்டுவார்கள். சிலர் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி வளையம் மாட்டிக்கொண்டு மீட்டுவார்கள். பார்க்க நகம் போல இருக்க வேண்டியதில்லை, காதுக்குப் பிசிறில்லாமல் கேட்டால் போதும்.

ஆக, பொய் நகம் இரண்டு வகை. வேலை செய்யாததைக் காட்டிக்கொள்ள ஒன்று, வேலை செய்வதற்கென்றே ஒன்று. இன்று அழகு நிலையத்தில் வைப்பது எந்த வகை? அதன் பிறப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர் 1954இல் வேலை செய்துகொண்டிருந்தபோது தன் நகத்தை உடைத்துக்கொண்டார். கையில் இருந்த அலுமினியத் தாளை விரலுக்கு அடியில் வைத்து, பல் கட்டும் அக்ரிலிக்கை அதன் மேல் பூசி, உடைந்த நகத்தைச் சரிசெய்தார். அக்ரிலிக் நகத்தின் கதை அங்கே தொடங்குகிறது. ஏன் ஒரு பல் மருத்துவர்? பொடியையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் கெட்டியாகும் பொருள் அவரிடம்தான் இருந்தது. செய்ததை ‘சொந்தப் பல்தான்’ என்று பார்ப்பவரை நம்பவைப்பதும் அவர் தொழில்தானே!

இனி என் மாணவி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டினது தெரியாமல் இருக்க என்ன வேண்டும்? உங்கள் நகத்தையே உற்றுப் பாருங்கள். தோலோடு சேரும் இடத்தில் மெல்லியதாக இருக்கும், பக்கவாட்டில் வளைந்திருக்கும். அடியில் வெளிறிய பிறை, நடுவில் இளஞ்சிவப்பு, நுனியில் மங்கலான வெள்ளை. பத்து விரலுக்கும் பத்து அளவு. விரலின் அகலத்துக்குப் பொருந்தாத நகமும், தோல் ஓரத்தில் தடித்து நிற்கும் நகமும், விரலைத் தாண்டி வெகுதூரம் நீளும் நகமும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 1970களில் ஹாலிவுட் நடிகைகளுக்காக ஜெஃப் பிங்க் என்பவர் பரப்பிய ‘ஃபிரெஞ்ச் மேனிக்யூர்’ இந்த இயற்கை நிறங்களைத்தான் பின்பற்றியது. எந்த உடைக்கும் பொருந்தும் என்பது அதன் வசதி. ஆனால் அதன் நுனி வெள்ளை எந்த இயற்கை நகத்திலும் இருக்காது!

இந்தத் தொழில் பலருக்குச் சோறும் போட்டது. 1975இல் வியட்நாம் போருக்குப் பின் அகதிகளாகக் கலிபோர்னியா வந்த பெண்களுக்கு டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை நக அலங்காரம் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். முதலில் கற்றவர்கள் சுமார் 20 பேர். அவர்களிடமிருந்து பரவி, இன்று அமெரிக்காவில் இந்தத் தொழிலில் வியட்நாமியர்களே பெரும்பங்கு. நாடு இழந்தவர்கள் பிறர் விரல் நுனியைப் பிடித்து எழுந்து நின்றார்கள்.

இனி டீச்சராகச் சில வார்த்தைகள்.

நகம் நம் உடம்பின் ஜன்னல். வெளிறியிருந்தால் ரத்தசோகையோ என்று மருத்துவர் யோசிப்பார். கரண்டி போலக் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். ஒட்டு நகம் எவ்வளவு இயற்கையாகத் தெரிகிறதோ, அவ்வளவு நன்றாக இவற்றையெல்லாம் மறைத்துவிடும். அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது கையில் இருப்பது ஒட்டு நகம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நர்ஸாக இருக்கும் என் மாணவிகளுக்கு: நோயாளியைத் தொடுபவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அடியில் கிருமி தங்கும்.

அழகு நிலையம் வைத்திருப்பவர்களுக்கு: மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவம் கலந்த நகப்பொருள்கள் மீது 1970களிலேயே அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. ஜெல் நகத்தில் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். பொடி பறக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், முகக்கவசம் போடுங்கள். ஒட்டியதைப் பிய்த்து எடுக்காதீர்கள், சொந்த நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அடுத்தவர் நகம் அழகாக இருக்க உங்கள் மூச்சும் தோலும் கெடக் கூடாது, கண்ணு.

அடுத்த முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது கவனியுங்கள். தாலி வாங்கும் பெண்ணின் விரலில் ஒரு செயற்கை நகம், பக்கத்தில் தவில்காரர் விரலில் இன்னொன்று. முன்னதைப் படம் எடுக்க ஆயிரம் செல்போன் இருக்கிறது. பின்னதையும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஊர்த் தவில்காரர் கூட்டை எப்படிச் செய்கிறார், பசைக்கு என்ன மாவு சேர்க்கிறார், காய எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். கேட்டு எழுதி வைக்காவிட்டால் இந்த விவரமெல்லாம் அவர்களோடேயே போய்விடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்