புளி: மரமும் சொல்லும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பெருவழியில் முன்னாளில் புளியமரங்கள் நிழல் பரப்பி நின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நால்வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டபோது அவற்றுட் பல வீழ்ந்தன. நம் நாட்டு மரமென்றே நாம் கொள்ளும் புளியின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பது நிலைத்திணை நூலார் துணிபு. அராபியர் இதன் கனியை, இந்தியப் பேரீச்சை என்னும் பொருளில், 'தமர் ஹிந்தி' என்றனர். 1753-இல் இலின்னேயசு அதனைத் தழுவி இலத்தீனில் பெயரிட்டு, 'இந்திய' என்னும் அடையையும் சேர்த்தார். ஆக, அப்பெயரில் இந்தியா இருமுறை வருகின்றது. ஆப்பிரிக்கா ஒருமுறையும் இல்லை!

இம்மரம் தமிழகம் வந்த காலத்தைக் கூறும் ஆவணம் எதுவும் இல்லை. எனினும் சொல் ஒருவாறு சான்று பகர்கின்றது. தொல்காப்பியர் உயிர்மயங்கியலில் புளி என்னும் மரப்பெயருக்கும் சுவைப்பெயருக்கும் வெவ்வேறு புணர்ச்சி விதி வகுத்தார். மரப்பெயர் அம்முச்சாரியை பெற்றுப் 'புளியங்கோடு' என்றாகும். சுவைப்பெயர் மெல்லெழுத்து மிக்குப் 'புளிங்கூழ்' என்றாகும். தனிவிதி வேண்டும் அளவிற்கு அம்மரம் அன்றே வழக்கில் வேரூன்றியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

சுவையும் மரமும் ஒரே சொல்லாய் அமைந்தது ஏன்? தெலுங்கில் சுவை 'புலுபு'; மரமோ 'சிந்த'. சுவைச்சொல் இனமொழிகளுக்குப் பொதுவாக, மரப்பெயர் மட்டும் வேறுபடுதலின், சுவைச்சொல்லே முந்தியது என்றும், மொழிகள் பிரிந்தபின் அறிமுகமான மரத்திற்குத் தமிழர் அதன் சுவையையே பெயராக்கினர் என்றும் கருதலாம். வடமொழியில் 'அம்லிகா' என்னும் பெயரும் புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்பதன் வழியே பிறந்தது. ஆயினும் ஒரு பொருளின் பழம்பெயர் ஒரு மொழியில் வழக்கிழத்தலும் உண்டாதலின், இதனை முடிந்த முடிபாகக் கூறத் துணியேன்.

வந்தது எவ்வழியாயினும் பெரும்பாலும் விதையாகவே வந்திருக்கும். கடிய தோலுடைய கொட்டை நெடும்பயணத்தைத் தாங்க வல்லது. விதையிட்டு வளர்த்த கன்று காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். காய்க்கத் தொடங்கினாலோ தலைமுறைகள் பல பயன்கொள்ளும். சாலைப் புளிகளின் காய்ப்பயன் ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டமையும் நினைக்கத்தக்கது. வெட்டுண்ட மரங்களுக்கு ஈடாக இன்று சாலை நடுவே காணப்படும் அரளிக்கு நிழலும் இல்லை, ஏலமும் இல்லை.

தொல்காப்பியர் கண்ட வேறுபாடு இவ்வட்டார மக்கள் நாவில் இன்றும் உளது. கல்வி அறியாதாரும் பல்லாங்குழிக்குப் 'புளியங்கொட்டை' பொறுக்குவர். அடுப்பில் வைப்பது 'புளிக்குழம்பு'. 'புளிக்கொட்டை' என்றோ 'புளியங்குழம்பு' என்றோ ஒருவரும் சொல்வதில்லை. அண்டையிலுள்ள ஈரோடு மாவட்டத்துப் புஞ்சைப் புளியம்பட்டியும் அம்முச்சாரியை ஏற்றே நிற்கின்றது.