கீமோ போர்ட்: ஆண்டிமடம் வட்டாரத்தை முன்வைத்து

கீமோ போர்ட் என்பது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்ற வேண்டியவர்களுக்குத் தோலுக்கு அடியில் பொருத்தப்படும் கருவி. டைட்டானியத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ ஆன, பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய சிமிழ் ஒன்று. அதன் வாயை மூடிய சிலிகான் சவ்வு. பக்கவாட்டில் கிளம்பும் மெல்லிய குழாய். இவ்வளவுதான் கருவி. சிமிழ் காறை எலும்புக்குக் கீழே மார்பில் அமரும். குழாய் பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாக உள்ளே போய், மேற்பெருஞ்சிரை இதயத்தின் வல மேலறையைச் சேரும் இடத்தருகே நிற்கும். மருந்து ஏற்றும் நாளில் தோலுக்கு மேலிருந்து சவ்வைக் குத்துவதற்கு ஹ்யூபர் ஊசி என்ற தனி ஊசி வேண்டும். சாதாரண ஊசி சவ்விலிருந்து துணுக்கை வெட்டியெடுத்துவிடும். ஹ்யூபர் ஊசியின் வளைந்த முனை சவ்வை விலக்கிக்கொண்டு நுழைவதால், எடுத்தவுடன் துளை மூடிக்கொள்ளும். ஆகவே ஒரே சவ்வை ஆயிரம் முறைகூடக் குத்தலாம். இதற்கு முந்தைய கருவிகளான பிரோவியாக் குழாயும் (1973) ஹிக்மன் குழாயும் (1979) மார்புக்கு வெளியே தொங்குபவை. முழுவதும் தோலுக்குள் புதையும் போர்ட்டைப் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் நீடர்ஹூபரும் அவர் குழுவினரும் 1982இல் வெளியிட்டனர்.

கையில் ஊசி போட்டே மருந்து ஏற்றலாமே என்பது இயல்பான கேள்வி. நான்கைந்து முறையோடு முடியும் சிகிச்சைக்கு, கைச் சிரைகளும் நன்றாக இருந்தால், அதுவே போதும். ஆனால் டாக்சோருபிசின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் சிரையை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகி அழுகும். குடல் புற்றுநோய்க்கான ஒரு மருந்துத் தொகுப்பில் 5-ஃப்ளூரோயுராசில் 46 மணி நேரம் தொடர்ந்து இறங்க வேண்டும். மார்பகப் புற்றுநோயில் அக்குள் நெறிகளை எடுத்தபின் அந்தப் பக்கக் கையைத் தவிர்ப்பது வழக்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஓராண்டு டிராஸ்டுசுமாப் மருந்தை ஏற்றும் அத்தகையவருக்கு மிஞ்சுவது ஒரே கை. “நரம்பு கிடைக்கல” என்று செவிலியர் நான்காவது இடத்தில் குத்தும்போது அதைச் சிறு தொந்தரவு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த வலிக்கு அஞ்சியே சிகிச்சையைத் தள்ளிப்போட நினைப்பவர்களும் உண்டு.

அரியலூர் மாவட்டத்தின் வடபகுதியில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஆண்டிமடத்திலிருந்து பார்த்தால் இந்தக் கருவிக்கு வேறொரு முக்கியத்துவம் தெரியும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் திறக்கப்பட்டது. புற்றுநோய்க்கென இந்த வட்டாரத்தார் நாடக்கூடிய பெரிய நிறுவனங்களில் புதுச்சேரி ஜிப்மர் பக்கத்து யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது; 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். மருந்து ஏற்றுவது அங்கே. இடையிலுள்ள நாட்களெல்லாம் ஊரில். கையில் செருகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிக் லைன் குழாய்க்கு வாரந்தோறும் கட்டு மாற்ற வேண்டும், உப்புநீர் செலுத்திக் கழுவ வேண்டும், நனையாமல் காக்க வேண்டும். வெயிலில் வேர்த்து வேலை செய்பவருக்கும், தினமும் தலையோடு குளிப்பவருக்கும் இது நடக்கிற காரியமா? போர்ட்டோ, தையல் ஆறியபின், குத்தாத நாட்களில் கட்டு எதுவும் கேட்பதில்லை. பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2021இல் வெளியான காவா ஆய்வில், ஹிக்மன் குழாயோடு ஒப்பிட்டபோது சிக்கல் கண்டவர்கள் போர்ட்டில் 29 சதவீதம், ஹிக்மனில் 43 சதவீதம்; பிக் லைனோடு ஒப்பிட்டபோது 32க்கு 47. மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கே இவ்வளவு வேறுபாடு என்றால், தொலைவில் இருப்பவருக்குப் போர்ட்டின் தேவை கூடுமே தவிரக் குறையாது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். தொலைவில் இருப்பவர் உடம்பில் இப்படியொரு பொருளை வைத்து அனுப்பினால், தொற்று வந்தாலோ இரத்தக்கட்டி உண்டானாலோ யார் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். மேலே சொன்ன 29 சதவீதம் சிறிய எண் அல்ல. குழாய் அடைபடலாம், சிமிழ் புரண்டுவிடலாம். அபூர்வமாக, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசுங்கிக் குழாய் முறியவும் கூடும். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை போர்ட் இல்லாத கீமோ நோயாளிக்கும் உண்டு; வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அவருக்கும் அது உயிராபத்துதான். அப்படியானால் ஊருக்கு அருகில் உடனடிக் கவனிப்பு தேவை என்பதையே இந்த மறுப்பு காட்டுகிறது. அதைக் கொண்டு போர்ட்டே வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது.

செலவு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. கருவிக்கும் பொருத்துவதற்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தம் சிகிச்சையோடு இதுவும் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கூடவே இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. பயன்படுத்தாத போர்ட்டையும் அடைபடாமல் இருக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அதற்காக மட்டும் சென்னைக்குப் போய்வந்தால் பேருந்துக் கட்டணம் ஒருபக்கம், துணைக்கு வருபவரின் நாள் கூலி மறுபக்கம். இடைவெளியை மூன்று மாதமாக நீட்டியும் அடைப்போ தொற்றோ கூடவில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், தொலைவூர் நோயாளிகள் இதை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அந்தக் கழுவலும்கூடப் பெருநகரத்துக்கே உரிய வேலை அல்ல. ஹ்யூபர் ஊசி, கிருமி நீக்கிய கையுறை, 10 மில்லி சிரிஞ்சு, உப்புநீர், பயிற்சி பெற்ற செவிலியர்: இவை போதும். 10 மில்லியைவிடச் சிறிய சிரிஞ்சு அழுத்தத்தைக் கூட்டிக் குழாயைக் கிழிக்கலாம் என்பதும், இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் மருந்து ஏற்றக் கூடாது என்பதும் சில நாட்களில் கற்பிக்கக்கூடியவையே. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோயாளியின் வீட்டுக்கே செவிலியரை அனுப்புகிறது. அவ்வளவு செய்ய முடிந்த அரசுக்கு, ஆண்டிமடத்துக்கு அருகிலுள்ள ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையில் ஹ்யூபர் ஊசியை இருப்பு வைத்து இரண்டு செவிலியருக்குப் பயிற்சி தருவது பெரிய காரியமாகாது. அது நடக்கும்வரை, போர்ட் வைத்துக்கொண்டவர்கள் கருவியோடு தரப்படும் அட்டையை எங்கே போனாலும் கையில் வைத்திருங்கள். ஹ்யூபர் ஊசி இல்லாத இடத்தில் சாதாரண ஊசியால் குத்த யாரையும் அனுமதிக்காதீர்கள்.