கரையில் நின்ற நாட்கள்

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் குளொஸ்ரர் எண்டு ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கு. 43 வருட இடைவெளியில் இரண்டு பாய்க்கலங்கள் அங்கே நங்கூரம் போட்டன. ஒன்று, 1895இல் ஜோசுவா ஸ்லோகத்தின் ‘ஸ்பிரே’. மற்றது, 1938இல் எங்கட வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’. இப்படியான பயணங்களைச் சொல்லேக்கை நாங்கள் எப்பவும் கடலைத்தான் சொல்லுவம்: புயல், அலை, மைல் கணக்கு. இந்தக் கட்டுரையில் கரையைப் பற்றிக் கதைப்பம். ஒரு கடலோடியை உலகம் என்னவாகப் பார்த்தது எண்டது துறைமுகத்தில்தான் தெரியவரும்.

ஸ்லோகம், உலகத்தைத் தனி ஆளாகப் பாய்க்கலத்தில் சுற்றிவந்த முதல் மனிதர். ஸ்பிரேயின் நீளம் வெறும் 36 அடி 9 அங்குலம். 1895 ஏப்ரல் 24இல் பொஸ்ரனில் இருந்து வெளிக்கிட்டவர், முதல் வேலையாகக் குளொஸ்ரரில் நின்று சாமான் சேர்த்தார். அங்கத்தைய மீன்பிடிக் கப்பல்காரர் கொட் மீன் கருவாடும், அலையை அடக்க ஊற்றுவதற்கு ஒரு பீப்பா எண்ணெயும் கொடுத்தார்கள். படகின் மேல்தட்டில் முழு வள்ளம் வைக்க இடமில்லை. ஸ்லோகம் என்ன செய்தார் தெரியுமா? கைவிடப்பட்ட ஒரு வள்ளத்தைக் குறுக்கே அறுத்து, வெட்டின பக்கத்தைப் பலகையால் அடைத்துவிட்டார். கரைக்குப் போக அந்த அரை வள்ளம்தான். உடுப்புத் தோய்க்கவும் குளிக்கவும் அதுவேதான் தொட்டி!

மூன்று வருடத்துக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் துறைமுகம் எண்டால் ஓய்வு மட்டுமில்லை. பாய் தைக்கிறது, தண்ணீர் நிரப்புறது, கடிதம் எடுக்கிறது, கைச்செலவுக்குக் காசு தேடுறது எல்லாம் அங்கேதான். ஜுவான் பெர்னாண்டஸ் தீவில், வழியில் பொறுக்கின மாட்டுக் கொழுப்பில் டோனட் பொரித்து, தீவுச் சனத்துக்கும் அதைச் செய்யப் பழக்கினார். கொழுப்பை விற்றதுக்குக் கிடைத்த பழைய நாணயங்களைப் பிறகு அரும்பொருள் சேர்ப்பவர்களிடம் நல்ல விலைக்குக் கொடுத்தார். மெல்பேர்ணில் துறைமுக வரி கேட்டார்கள். படகைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஆறு பென்ஸ் வாங்கி அதைக் கட்டினார். கூட்டம் குறைந்ததும் ஒரு சுறாவைப் பிடித்துவைத்து, அதைப் பார்க்கவும் ஆறு பென்ஸ்! சமோவாவில் ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சனின் மனைவி, இந்து சமுத்திரத்துக்கான கப்பல் வழிகாட்டிப் புத்தகங்களைக் கொடுத்தார். தனியாகச் சுற்றிவந்தவர் எண்டு சொல்லுறம். ஆனால் ஊர் ஊராக ஆட்களின் கைகள்தான் அவரை அனுப்பிவைத்தன.

எல்லாருக்கும் அந்தக் கைகள் நீண்டதா? 1897 நவம்பரில் ஸ்லோகம் தென்னாபிரிக்காவின் டேர்பனுக்கு வந்தார். நல்ல வரவேற்பு. அடுத்து கேப் ரவுணில் படகை நிறுத்தினபோது, அரசாங்கமே நாட்டைச் சுற்றிப் பார்க்க இலவச ரயில் பாஸ் கொடுத்தது.

அதே டேர்பன் துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் வேறு இரண்டு கப்பல்கள் வந்திருந்தன. 1896 டிசம்பரில் ‘கோர்லண்ட்’, ‘நாதேரி’ எண்ட கப்பல்கள் ஏறக்குறைய 800 இந்தியப் பயணிகளோட வந்து நின்றன. பிளேக் நோயைக் காரணம் காட்டி மூன்று வாரத்துக்கு மேல் அவர்களை இறங்கவிடவில்லை. கரையில் வெள்ளையர் கூட்டம் ‘திரும்பிப் போ’ எண்டு நின்றது. 1897 ஜனவரியில் இறங்கின காந்தியைத் தெருவில் அடித்தார்கள். அந்த வருடமே நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது: உள்ளே வர விரும்பினால் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும். 1860இல் இருந்து கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்க் கூலிகளை மெட்ராசில் இருந்து இறக்கின அதே நேட்டால்தான் இது.

ஸ்லோகத்தின் துணிச்சல் இதால குறையாது. ஆனால் ‘சுதந்திரக் கடலோடி’ எண்ட படிமத்துக்குப் பின்னால் திறந்த கதவுகள் இருந்தன, அந்தக் கதவுகளுக்கு நிறம் இருந்தது எண்டதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேணும்.

இந்தக் கண்ணோட திரும்பக் குளொஸ்ரருக்கு வருவம். அன்னபூரணி, எங்கட மேஸ்திரிமார் கட்டின இரட்டைப் பாய்மரக் கப்பல். அதை வாங்கினவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் எண்ட அமெரிக்கர். அவரும் ‘ஸ்வாப்’ எண்ட 32 அடிப் படகில் உலகைச் சுற்றினவர்தான். கப்பலுக்குத் தன்ர மனைவியின் பெயரை வைத்தார்: ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’. வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸையும் அத்திலாந்திக்கையும் தாண்டிக் கொண்டுபோய், 1938 ஆகஸ்டில் குளொஸ்ரரில் சேர்த்தார்கள். கப்பல் அங்கே தங்கலாம். மாலுமிகள் தங்க ஏலாது. எங்கட பிரதேசத்தவர் அமெரிக்காவில் குடியேறுவதை 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது.

ஒரே கரை. ஸ்லோகத்துக்கு அங்கே கருவாடும் எண்ணெயும் கிடைத்ததை அவரே 1900இல் வந்த தன்ர புத்தகத்தில் எழுதிவைத்தார். அதனால 1895ஆம் ஆண்டுக் குளொஸ்ரரில் அவர் வள்ளம் அறுத்தது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். எங்கட ஆட்கள் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாக மட்டும் நினைவில் நிற்கிறார்கள். கப்பலின் நீளத்தையும் போன தூரத்தையும் பெருமையாகச் சொல்லுறம். அவர்கள் எந்தத் துறையில் என்ன சமைத்தார்கள், வீட்டுக்கு என்ன எழுதினார்கள், யாரோட கதைத்தார்கள் எண்டதும் வரலாறுதான்.

வல்வெட்டித்துறையில், பருத்தித்துறையில், கரையோர வீடுகளில் ஒரு ட்ரங்குப் பெட்டி, பழைய கடிதம், அப்பப்பா சொன்ன துறைமுகக் கதை இருந்தால், இப்பவே கேட்டு எழுதிவைப்பம். கடல் தூரத்தை யாரும் அளக்கலாம். கரையில் நின்ற நாட்களை நின்றவர்கள்தான் சொல்ல ஏலும், அல்லது அவர்களிட்டைக் கேட்டவர்கள்.