போபோ பொம்மைப் பரிசோதனை

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா, டோரத்தியா ராஸ், ஷீலா ராஸ் என்னும் இருவருடன் நடத்தி 1961-இலும் 1963-இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இப்பெயரால் வழங்கும். அடித்துச் சாய்த்தாலும் தானே நிமிரும் காற்றடைத்த பொம்மையொன்றைப் பெரியவர் ஒருவர் மரச்சுத்தியால் மோதியும் உதைத்தும் கடுமொழி பேசியும் துன்புறுத்துவதை நேரிலோ திரைப்படத்திலோ கண்ட பாலர் பள்ளிக் குழந்தைகள், நல்ல விளையாட்டுச் சாமான்களைக் காட்டிப் பறித்து எரிச்சலூட்டப்பெற்றபின் அத்தகைய பொம்மையுடன் விடப்பட்டபோது, அச்செய்கைகளையும் சொற்களையும் பெரிதும் அவ்வாறே பின்பற்றினர். திரையில் கண்டோர் நேரில் கண்டோருக்குப் பின்தங்கவில்லை என்பதே 1963-ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் சாரம். பலாத்காரக் காட்சி மனத்துள்ள கோபத்தை வடித்துச் சாந்தப்படுத்தும் என்ற பழைய அபிப்பிராயம் இதனால் ஆட்டங்கண்டது. ஆயினும், அடிபடுவதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட பொம்மையை அடித்த குழந்தை அண்டை வீட்டுப் பிள்ளையையும் அடிக்குமென்று கொள்வது அவசரமே; பரிசோதனை அளந்ததோ சில நிமிஷ நடத்தையை மட்டுமே.