அந்தக் கைகள் சுத்தமானவையா?

போன பதிவு நீளமாக இருந்தது என்று குறைப்பட்டவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இதுவும் நீளம்தான். பாதியில் எழுந்து போகிறவர்கள் பெயரை நோட்டில் எழுத மாட்டேன்.

சென்ற மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். அவர்கள் ஊர்க் கோயிலில் பல வருஷங்கள் இருந்த குருவானவர், பின்னாளில் காணிக்கைக் கணக்கில் கை வைத்தது வெளிவந்து நீக்கப்பட்டார். அது நடந்தது உண்மை, நானும் அறிவேன். இப்போது இவன் தம்பி ஒரு புதிய கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே, திருடன் கையால் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று போதிக்கிறார்களாம். தம்பி தாமிரபரணியில் இறங்கி மறுஞானஸ்நானம் எடுத்துவிட்டான். அதோடு விட்டானா? அம்மாவும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் ஒரே பந்தியில் உட்காரமாட்டேன் என்கிறான். அந்த அம்மாவுக்கு 82 வயது. "அப்போ நாப்பது வருஷமா நான் முழங்கால் போட்டு வாங்கினதெல்லாம் வெறும் அப்பமா?" என்று மூத்தவனிடம் கேட்டிருக்கிறார்கள். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் போன் போட்டான்.

எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது. நான் சரித்திர வாத்தியார். ஆனால் இதே கேள்வியின்மேல் ஒரு தேசத்தின் சபை முழுவதும் நூறு வருஷத்துக்கு மேல் இரண்டாகக் கிடந்தது. அந்தக் கதை தெரியும். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் படிக்கலாம். ஊர்ச் சங்கம் உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு எல்லாமே புரியும்.

இடம் வட ஆப்பிரிக்கா. இன்றைய துனீசியா, அல்ஜீரியா. ஒன்பதாம் வகுப்பில் ஹன்னிபால் யானைகளோடு வந்தான் என்று படித்தீர்களே, அந்தக் கார்த்தேஜ்தான். பிறகு ரோமர் கைக்குப் போய், கோதுமையும் ஒலிவ எண்ணெயும் ரோமுக்கு அனுப்பிய பூமி. லத்தீன் மொழியில் கிறிஸ்தவ எழுத்து முதலில் செழித்ததும் அங்கேதான்.

கி.பி. 303-இல் டயோக்ளீஷியன் பேரரசன் ஆணையிட்டான்: கோயில்களை இடி, வேதப் புத்தகங்களை வாங்கி எரி. அந்த வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி சிர்ட்டா நகரத்தில் நடந்த சோதனையின் அரசுப் பதிவு இன்றைக்கும் கிடைக்கிறது. (சிர்ட்டா இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்ற ஊர்.) நகர அதிகாரி கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குள் நுழைகிறார். எழுத்தர் ஒவ்வொன்றாக எழுதுகிறார். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களின் உடுப்பு 82, முக்காடு 38, ஆண்களின் உடுப்பு 16, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. நம் ஊரில் ஜப்தி நடக்கும்போது வருவாய்த் துறைக்காரர் எழுதுவதுபோலவே இருக்கும். பிஷப் பவுல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சில்வானஸ் என்ற உதவி ஊழியர், பெரிய ஜாடிக்குப் பின்னால் இருந்தது என்று ஒரு வெள்ளி விளக்கை எடுத்துவந்து கொடுக்கிறார். இந்த சில்வானஸை நினைவில் வையுங்கள். பிறகு வாசகர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள், புத்தகங்கள் அவர்களிடம் இருந்ததால். அதில் ஒருவர் விக்டர், லத்தீன் வாத்தியார். இரண்டு புத்தகமும் தைக்காத சில ஏடுகளும் கொடுத்தார். "இன்னும் இருக்கும், கொண்டுவா" என்றதற்கு, இருந்தால் கொடுத்திருப்பேனே என்று பதில் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் இப்படியில்லை. கொடுக்க மறுத்துச் செத்தவர்கள் பலர். தந்திரம் செய்தவர்களும் உண்டு. ஒரு பிஷப் வைத்தியப் புத்தகங்களைக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். வந்த சிப்பாய்க்கு எல்லாப் புத்தகமும் ஒன்றுதானே!

அலை ஓய்ந்ததும் கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. புத்தகத்தைக் கையளித்தவனுக்கு லத்தீனில் 'டிராடிட்டோர்' என்று பெயர். ஆங்கிலத்தில் துரோகியைக் குறிக்கும் 'டிரெய்ட்டர்' அதிலிருந்துதான் வந்தது. 311 வாக்கில் கார்த்தேஜில் சிசிலியன் என்பவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள். கைவைத்தவர் அப்துங்கா ஊர் பெலிக்ஸ். உடனே நுமிடியா நாட்டிலிருந்து 70 பிஷப்புகள் வந்து இறங்கினார்கள். பெலிக்ஸ் ஒரு டிராடிட்டோர்; அவர் கையில் ஆவியானவர் இல்லை; ஆகவே சிசிலியன் பிஷப்பே இல்லை; அவரோடு சேர்ந்தவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானமும் வெறும் தண்ணீர். இதுதான் உபதேசம். மஜோரினஸ் என்பவரை எதிர் பிஷப்பாக்கினார்கள். அவருக்குப் பின் வந்தவர் டொனாட்டஸ். அவர் பெயரால்தான் டொனாட்டியர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. திரித்துவத்தை மறுக்கவில்லை, வேதத்தை மாற்றவில்லை. கள்ள உபதேசம் என்றால் யாரோ கொம்பு முளைத்தவன் வந்து இயேசுவை மறுதலிப்பான் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது அப்படி வரவில்லை. 'சபை பரிசுத்தமாக இருக்கவேண்டும்' என்ற நல்ல வாக்கியத்தின் தோளில் ஏறி வந்தது. ரத்தசாட்சிகளின் கல்லறை ஈரம் காயாத ஊரில் அதை யார் மறுப்பார்கள்?

பின்னணியில் பணமும் இருந்தது. லூசில்லா என்று ஒரு செல்வச் சீமாட்டி. நற்கருணைக்கு முன் ஒரு ரத்தசாட்சியின் எலும்பை முத்தமிடுவது அவள் வழக்கம். சிசிலியன் கண்டித்தார், அவள் மறக்கவில்லை. மஜோரினஸ் அவள் வீட்டைச் சேர்ந்தவர். பல வருஷம் கழித்து, 320-இல், சிர்ட்டா சபையைப் பற்றி ஒரு விசாரணை நடந்தது. பிஷப்போடு சண்டை போட்ட உதவிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் போட்டுடைத்தார். ஏழைகளுக்கென்று சொல்லி லூசில்லா 400 பை காசு கொடுத்ததும், அது பிஷப்புகளுக்குள் பங்காகி ஏழைக்கு ஒரு காசும் சேராததும் சாட்சியமாக வந்தது. அங்கே பிஷப் யார் தெரியுமா? நம் சில்வானஸ்தான்! வெள்ளி விளக்கை எடுத்துக் கொடுத்தவர். கறைபட்ட கை கூடாது என்று சொல்லி மஜோரினஸை நியமித்தவர்களில் அவரும் ஒருவர். 303-இன் பதிவேட்டைக் கொண்டுவந்து படித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. விக்டர் வாத்தியாரையும் கூண்டில் ஏற்றினார்கள். முதலில் ஒன்றும் தெரியாது, மலைக்கு ஓடிவிட்டேன் என்றார். பதிவேட்டைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். வாத்தியார் பொய் சொன்னால் இப்படித்தான் மாட்டுவார்.

அதற்கு முன்பே பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகியிருந்தது. அவருக்கு எதிராகக் காட்டிய கடிதத்தில் ஒருவர் பின்னால் வரிகளைச் சேர்த்திருந்தார். 313-இல் ரோமில், 314-இல் ஆர்ல் நகரில், 316-இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் முன்னிலையில் மூன்று தடவை சிசிலியன் பக்கமே தீர்ப்பு. ஒன்றும் பலிக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் பிறந்த சண்டை ஆதாரம் காட்டினால் சாகுமா? அரசன் படையை விட்டுப் பார்த்தான். அது அவர்களுக்குப் புதிய ரத்தசாட்சிகளைத் தந்தது. 321-இல் கைவிட்டுவிட்டான்.

'கள்ள உபதேசம் வந்தால் சபை வளராது' என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. டொனாட்டியர் நன்றாக வளர்ந்தார்கள். நாலாம் நூற்றாண்டில் பல இடங்களில் அவர்களே பெரும்பான்மை. ஆனால் அந்த வளர்ச்சி எப்படி? ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு பிஷப். எதிரணிக் கோயில் கைக்கு வந்தால் சுவரைக் கழுவினார்கள். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவனுக்கு மறுபடி கொடுத்து எண்ணிக்கை கூட்டினார்கள். வெளியிலிருந்து ஒருவன் வருவதைவிட, அடுத்த தெரு ஆளைப் பிடிப்பது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. நாட்டுப்புறத்தில் தடியோடு அலைந்த கூட்டங்களும் கிளம்பின. தேவனுக்குத் துதி என்பதே அவர்கள் அடிக்கும்போது போட்ட கோஷம்.

ஹிப்போ நகரத்தில் நடந்த ஒன்றை அகுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். அவர் காலத்துக்குச் சற்று முன் அங்கே டொனாட்டிய பிஷப் பாஸ்டினஸ், எதிரணிக்காரர்களுக்கு யாரும் ரொட்டி சுடக்கூடாது என்று கட்டளை போட்டாராம். ஊரில் அவர்கள் கூட்டமே பெரிது, அடுப்புக்காரர்களும் அவர்கள் ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு நிற்கிறான், சுட்டுத்தர ஆளில்லை. தம்பி அம்மாவோடு பந்தியில் உட்கார மறுக்கிறான் என்று மாணவன் சொன்னபோது எனக்கு இந்த அடுப்புதான் ஞாபகம் வந்தது.

பிரிந்தவர்கள் பிறகும் பிரிந்தார்கள். 392-393-இல் அவர்களுக்குள்ளேயே மாக்ஸிமியன் என்பவரின் தனி அணி. முந்நூற்றுக்கு மேற்பட்ட பிஷப்புகள் கூடி அவர்களைச் சபித்தார்கள். பிறகு சிலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது, அவர்கள் வெளியே இருக்கையில் கொடுத்த ஞானஸ்நானத்தை அப்படியே ஒத்துக்கொண்டார்கள்! அகுஸ்தீன் இதைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவர் பாமரரும் பாடும்படி அகரவரிசையில் ஒரு பாட்டே இயற்றினார், இந்தச் சண்டையைப் பற்றி. அவர் வாதம் எளியது. ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து. குருவானவர் வாய்க்கால் மாதிரி. கல் வாய்க்காலில் வந்தாலும் தண்ணீர் தோட்டத்துக்குப் பாயும். சபை கோதுமையும் களையும் சேர்ந்து வளரும் வயல். இப்போதே பிடுங்கக் கிளம்பினால் கோதுமையும் வரும்.

411 ஜூனில் கார்த்தேஜில் பேரரசின் உத்தரவின்படி பெரிய விவாதம். ஒருபக்கம் 286 பிஷப்புகள், மறுபக்கமும் ஏறக்குறைய அத்தனை பேர். அதிகாரி மார்செல்லினஸ் உட்காரச் சொன்னார். பாவிகளோடு உட்காரமாட்டோம் என்று டொனாட்டியர் நின்றார்கள். அவரும் நின்றுகொண்டே விசாரித்தார். கையெழுத்துச் சரிபார்க்கும்போது ஒவ்வொருவரையும் அவரவர் ஊர் எதிரணி பிஷப் பார்த்து, தெரியும் என்று சொல்லவேண்டும். வருஷக்கணக்காக ஒரே தெருவில் முகம் திருப்பிக்கொண்டு நடந்தவர்கள். ஒரு பெயருக்கு ஆள் வரவில்லை. வரும் வழியில் இறந்துவிட்டார் என்றார்கள். பின்னே இங்கே எப்படிக் கையெழுத்துப் போட்டார்? சபை சிரித்தது. மஸ்டர் ரோல் பார்த்த அரசு ஊழியர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

எதிர்பார்த்தபடி டொனாட்டியருக்கு எதிராகத் தீர்ப்பு. 412-இல் அபராதம், கோயில் பறிமுதல். இங்கேதான் எனக்கு அகுஸ்தீனோடு மனத்தாங்கல். வாதத்தால் வெல்லலாம் என்று தொடங்கிய மனிதர், விருந்துக்கு ஆட்களை வருந்தி அழைக்கச் சொன்ன உவமையைக் கையில் எடுத்துக்கொண்டு, அரசாங்கக் கட்டாயத்தை நியாயப்படுத்தினார். கட்டாயத்தால் வந்தவர்கள் கோயிலுக்குள் வந்தார்கள். பழைய காயத்தை வெளியே விட்டுவிட்டா வந்திருப்பார்கள்? அவர் எழுத்தைக் காட்டிப் பிற்காலத்தில் எத்தனையோ கொடுமை நடந்தது.

அவர்களுக்கு அவகாசமும் இல்லை. 429-இல் வேண்டல்கள் கடல் தாண்டி வந்தார்கள். ஹிப்போ முற்றுகையில் இருக்கும்போதே 430 ஆகஸ்ட் 28-இல் அகுஸ்தீன் இறந்தார். 439-இல் கார்த்தேஜ் போனது. பைசாந்தியர் வந்து மீட்டார்கள். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில்கூட ரோமின் கிரகோரி, நுமிடியாவில் டொனாட்டியர் தொல்லை என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். 698-இல் கார்த்தேஜ் அரபியர் கைக்குப் போனது.

பிளவினால்தான் அந்தச் சபை அழிந்தது என்று சொன்னால் நான் சரித்திர வாத்தியாரே இல்லை. எகிப்துச் சபையும் பிளந்தது, அதே படையெடுப்பைப் பார்த்தது, ஆனால் இன்றுவரை இருக்கிறது. அவர்களிடம் சொந்த மொழியில் வேதம் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் மலைநாட்டு பெர்பர் மொழியில் வேதாகமம் இருந்ததற்குத் தடயமே கிடைக்கவில்லை, எல்லாம் லத்தீன். சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து பத்து வருஷத்துக்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூற்றாண்டுத் தெம்பையும் மூளையையும் ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்பதில் செலவிட்டவர்களுக்கு மலைப்பக்கம் பார்க்க நேரமில்லாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

411-இல் ஏறக்குறைய 570 பிஷப்புகள் நின்ற தேசம் அது. 1053-இல் போப் ஒன்பதாம் லியோவின் கணக்குப்படி அங்கே மிச்சம் ஐந்து பிஷப்புகள். 1076-இல் ஏழாம் கிரகோரி எழுதும்போது ஒருவரை அபிஷேகம் செய்யத் தேவையான மூன்று பேர்கூட இல்லை. ஆளை ரோமுக்குத்தான் அனுப்பவேண்டியிருந்தது.

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தானாம், எனக்குத் தெரியாது. அவன் அம்மா குறுக்கே வந்தார்கள்.

"வாத்தியாரய்யா, நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேன் அக்கா. நீங்க எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"கேட்டேன். ராசாக்க பேரெல்லாம் மனசுல நிக்கல. அந்த 47 சோடி செருப்பு இருந்துச்சுன்னீகளே, அது யாருக்கு வச்சிருந்தாக?"

விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கொடுக்க வைத்திருப்பார்கள் என்றேன்.

"அதையுமா எடுத்துக்கிட்டுப் போயிட்டாக?"

"ஆமா அக்கா. எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டாங்க."

"அடப்பாவிகளா," என்றார்கள். பிறகு மகனிடம், தம்பிக்குப் போன் போட்டுக் கொடு, நான் பேசுகிறேன் என்று சொல்வது கேட்டது.