கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

கிராஃப்ட் பீர் கடையில் 'லிமிடெட் எடிஷன்' என்கிறார்கள். எதைத் தொட்டுக்கொண்டு குடிப்பது என்று அட்டையில் வேறு எழுதி வைக்கிறார்கள். தென்னங்கள்ளுக்கு அட்டை எதுக்கு? ஒரு துண்டு கருவாடு போதும். காலையில் இறக்கியது இனிக்கும். பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட், சாயங்காலத்துக்குள் அதைப் புளிக்க வைத்துவிடும். மறுநாள் அதே ருசி கிடைக்காது.

மலாயாத் தோட்டங்களில் கூலியை ஒரு கையில் வாங்கி மறுகையால் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வரலாம். 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தக்காரர்கள் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்ட அதே பட்டியலில், கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள். குடிக்காதவங்க மட்டுமா கேட்டாங்க? எனக்கு அப்படித் தோணல. தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதே பட்டியலில் இருந்தது.

மே மாதம் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்தார்கள். போராட்டம் பரவியது, துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கள்ளுக்கடைகள் அதற்குப் பிறகும் பல காலம் திறந்தே இருந்தன.