சான்று காட்டலும் சாட்சி பகர்தலும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத் திருச்சபை வரலாற்றை முன்னிட்டு ஒரு நோக்கு

ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்புகளையும் இறுதியில் நிற்கும் நூற்பட்டியலையும், தேர்வாளரின் கட்டளைக்குப் பணிந்து செய்யும் சடங்காகவே நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் சான்று காட்டுதல் சாட்சி பகர்தலோடு நெருங்கிய உறவுடையது. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு வழக்கைத் தீர்த்தலாகாது என்பது உபாகமத்தின் நெறி. கண்கண்டோர் ஒப்புவித்தவற்றை ஆய்ந்து ஒழுங்குபடுத்தி எழுதுவதாக லூக்கா தம் நற்செய்தியின் முகவுரையிலேயே அறிவிக்கின்றார். நம் வட்டாரத் திருச்சபை வரலாற்றை எழுதுவோரையும் இந்நெறி பிணிக்கின்றது. இதனைத் திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரு ஊர்களைக் கொண்டு காண்போம்.

திண்டிவனத்தைப் பற்றி நம் பிரசங்க மேடைகளில் அதிகமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி, ஐடா ஸ்கடர் அம்மையார் அழைப்புப் பெற்ற இரவாகும். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், அமெரிக்காவில் கல்வி பயின்று, நோயுற்ற தாயாருக்கு உதவும்பொருட்டு 1890இல் திண்டிவனத்திற்கு வந்தார். அவர்தம் தந்தையார் இரண்டாம் ஜான் ஸ்கடர் அங்கு மருத்துவ ஊழியம் செய்துவந்தார். ஓர் இரவில் ஒரு பிராமணரும், ஒரு முகமதியரும், வேறொரு இந்துவும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருந்த தத்தம் மனைவியரைக் காக்க ஐடாவை அழைத்தனர். ஆண் மருத்துவரை வீட்டினுள் அனுமதிக்க அவர்களுடைய வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. பின்னர் அவர் 1895இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்து 1899இல் பட்டம் பெற்றார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அதுவே இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகத் திகழ்கின்றது.

இந்நிகழ்ச்சியைக் கட்டுரையில் எழுதப் புகும் மாணாக்கர் முதலாவது எதிர்ப்படுவது ஆண்டுச் சிக்கலாகும். சில நூல்கள் இதனை 1890இல் வைக்கின்றன. வேறு சில அதற்குச் சில ஆண்டுகள் பின்னே வைக்கின்றன. அம்மையார் திரும்பி வந்த ஆண்டும் கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் தெளிவாயிருத்தலின், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் என்று எழுதுவதே நேர்மையாகும். ஓர் ஆண்டைத் துணிந்து குறிப்பவர், அதனை எந்நூலின் எப்பக்கத்தில் கண்டார் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்.

அடுத்தது சாட்சிகளின் எண்ணிக்கை. மேரி பாலின் ஜெஃப்ரி 1938இலும், டாரதி கிளார்க் வில்சன் 1959இலும் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுகள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. இவற்றோடு மூன்றாவதொரு நூலையும் சேர்த்து மூன்று அடிக்குறிப்புகள் இட்டுவிட்டால், மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டனர் என்று கருதுதல் தவறு. அந்த இரவைப் பற்றிய வரலாறுகளுக்கெல்லாம் ஊற்று அம்மையாரின் சொந்த நினைவே. ஒரு சாட்சியை மூவர் திரும்பக் கூறினாலும் அது ஒரே சாட்சிதான். நிகழ்ச்சி பொய் என்பதன்று இதன் பொருள்; அதன் ஆதாரம் எத்தன்மையது என்பதை வாசகருக்கு மறைக்கலாகாது என்பதே.

விழுப்புரத்தை எடுத்துக்கொண்டால் வேறொரு குழப்பம் தோன்றுகின்றது. 'ஆற்காடு மிஷன்' என்று மட்டும் எழுதினால் எதனைக் குறிக்கிறோம்? 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கப்பெற்று, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்து, திண்டிவனத்தில் ஊழியம் செய்தது அமெரிக்க ஆற்காடு மிஷன். விழுப்புரம், திருக்கோவிலூர், கடலூர் பகுதிகளில் பரவிய ஆற்காடு லுத்தரன் திருச்சபையோ டேனிஷ் மிஷனரி சங்கத்தின் ஊழியத்தால் உருவாயிற்று. சாதி வேறுபாடு பற்றிய பூசலால் லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் அவ்வூழியத்தின் முன்னோடி. முன்னதன் ஆவணங்களைத் தேடுவோர் அமெரிக்காவின் நியூ பிரன்சுவிக் நகருக்கும், பின்னதன் ஆவணங்களைத் தேடுவோர் கோபன்ஹேகனுக்கும் செல்ல வேண்டும். மொழியும் வேறு. ஆகவே சங்கத்தின் முழுப்பெயரைக் குறியாத அடிக்குறிப்பு, வழிப்போக்கனைத் தவறான ஊருக்கு அனுப்பும் கைகாட்டி மரமாகிவிடும்.

மாவட்டப் பெயரும் அவ்வாறே. இவ்விரு ஊர்களும் பழைய அறிக்கைகளில் தென்னாற்காடு மாவட்டத்திற்குள் அடங்குவன. விழுப்புரம் மாவட்டம் 1993இல் பிரிந்தது. அதிலிருந்து கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஆவணத்தில் உள்ள பெயரை அவ்வண்ணமே குறித்து, இன்றைய பெயரை அருகே தருதல் நலம்.

அறிவியலார் இத்துறையில் நமக்கு முன்னே சென்றுவிட்டனர். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் முறை, ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தையைப் பற்றி வரைந்த ஆய்வுரையிலிருந்து தொடங்குவதாகக் கூறுவர். மருத்துவ இதழாசிரியர் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்த விதிகள் மறு ஆண்டு வெளியாயின. அம்முறையில் மேற்கோள்கள் கட்டுரையில் வரும் வரிசைப்படி எண் பெறும். ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் என்பன ஒரே ஒழுங்கில் நிற்கும். மருத்துவ உலகில் பெருவழக்காயுள்ள முறை இதுவே. ஒரு மருந்தின் அளவைக் கூறுவதற்கு இத்தனை சான்று வேண்டுமாயின், வேலூர் மருத்துவமனைக்கு வித்திட்ட அந்தத் திண்டிவனத்து இரவைக் கூறுவதற்குச் சான்றே வேண்டாவோ?

எம்முறையைக் கைக்கொண்டாலும் அதனை முதலிலிருந்து முடிவுவரை மாறாது பின்பற்றுதல் தேவை. கடிதமாயின் எழுதியவர், பெற்றவர், இடம், நாள், காப்பகம், கட்டு எண் ஆகியன வேண்டும். மூல அறிக்கையைக் காணாது பிறர் நூல்வழி அறிந்தால், கண்ட நூலையே குறிக்க வேண்டும். சபை முதியவர் வாய்மொழியாயின், அவர் இசைவு பெற்றுக் கேட்ட நாளும் இடமும் குறித்தல் வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு எனின், மறக்கப்பட்டோரின் பொருட்டே. அந்த இரவில் மாண்ட மூன்று பெண்களின் பெயர்கள் பரவலாக வழங்கும் வரலாறுகளில் இல்லை. நம் ஊர்களில் கால்நடையாய்ச் சென்று உழைத்த உபதேசியாரும் வேதாகமப் பெண்டிரும், மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் 'உதவியாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். எங்கேனும் ஒரு பக்கத்தில் ஒருவரின் பெயர் வெளிப்படுமாயின், அப்பக்கத்தைச் சரியாகக் குறிப்பது அவருக்கு நாம் செய்யும் நீதியாகும். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு அடுத்து வரும் மாணாக்கர் இன்னும் ஒரு பெயரைக் கண்டெடுக்கக்கூடும். ஆயர்கள் தத்தம் சபையின் பதிவேடுகளைச் செல்லரிக்காது காத்து, அவற்றிற்கு எண்ணிட்டு வைப்பார்களாயின், அந்தப் பணி இன்றே தொடங்கிவிடும்.